மகப்பேறு விடுப்பும் சம்பளமும்: தேதி போட்டு எழுதிக் கொடுத்து வாங்குவது எப்படி?

நம் வீடுகளில் பிரசவ லீவு எப்போது தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் வளைகாப்புதான் முடிவு செய்கிறது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் கட்டி, தலைப்பிரசவம் என்றால் அன்றைக்கே தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆபீஸுக்கு ஒரு போன்: "சார், திங்கட்கிழமையிலிருந்து வரமாட்டேன்." அவ்வளவுதான். எழுத்தில் ஒரு வரி இருக்காது. மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கில் சம்பளம் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடத் தொடங்குவோம்.

நான் சில ஆண்டுகள் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்: நம் நாட்டின் மகப்பேறு சட்டம் மோசமான சட்டம் இல்லை. 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது பல நாடுகளில் கிடைக்காத ஒன்று. பணம் கைக்கு வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டத்தில் ஓட்டை இருப்பது அல்ல. தேதி இல்லாத விண்ணப்பம், நகல் வைக்காத கடிதம், தவறான கதவைத் தட்டியது, இவைதான். அதனால் இந்த வழிகாட்டியை உரிமைகளின் பட்டியலாக எழுதவில்லை. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து குழந்தையோடு வேலைக்குத் திரும்பும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தி. 1961-இன் மகப்பேறு நலச் சட்டம் என்றுதான் பலரும் இன்னும் சொல்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் அது 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. "பழைய சட்டம் போய்விட்டது, இனி லீவு கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 26 வாரம், 80 நாள் தகுதி, வேலைநீக்கத் தடை எல்லாம் புதிய தொகுப்பின் ஆறாம் அத்தியாயத்தில் அப்படியே இருக்கின்றன. சம்பளக் கணக்கில் மட்டும் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதல் படி: உங்கள் கதவு எது?

பணம் தரவேண்டியது யார் என்று தெரியாமல் மற்ற எதையும் செய்ய முடியாது. நான்கு கதவுகள் இருக்கின்றன.

உங்கள் பே ஸ்லிப்பை எடுங்கள். அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். உங்களுக்கு மகப்பேறு காலச் சம்பளத்தை முதலாளி தரமாட்டார், இ.எஸ்.ஐ. கழகம் தரும். திருப்பூர் பனியன் கம்பெனி முதல் சென்னை துணிக்கடை வரை வேலை செய்யும் பெரும்பாலான பெண்களின் கதவு இதுதான்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை, ஆனால் தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ சுரங்கத்திலோ வேலை, அல்லது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடை, அலுவலகம், ஐ.டி. கம்பெனி என்றால் முதலாளிதான் நேரடியாகத் தர வேண்டும்.

தமிழக அரசு ஊழியர் என்றால் கதை வேறு. இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் உள்ளவர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் முழுச் சம்பளத்தோடு ஓராண்டு விடுப்பு கிடைக்கிறது. 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், அப்புறம் பன்னிரண்டு என்று படிப்படியாக வளர்ந்தது அது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 180 நாள்.

நான்காவது, இவை எதிலும் வராதவர்கள்: வீட்டு வேலை செய்பவர்கள், ஐந்தாறு பேர் மட்டும் உள்ள சிறு கடை ஊழியர்கள், சொந்தமாகத் தையல் போடுபவர்கள். இவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. இதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. சட்டத்தின் பெரிய குறை இது. கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கினால், தகுதி உள்ள ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கும். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கும் மகப்பேறு உதவித்தொகை உண்டு. மாத ஊதியத்துக்கு ஈடாக இவை ஆகாது, ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டாம் படி: 80 நாளை எண்ணுங்கள்

முதலாளியிடம் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு தகுதிதான். டாக்டர் குறித்த பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் அங்கே வேலை செய்திருக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளும், வேலை இல்லை என்று நிறுவனமே நிறுத்திவைத்த லே-ஆஃப் நாட்களும் இந்தக் கணக்கில் சேரும்.

"ப்ரொபேஷன் முடியவில்லை, அதனால் கிடையாது" என்று சொல்வார்கள். சட்டத்தில் ப்ரொபேஷன் என்ற சொல்லுக்கே இங்கே வேலை இல்லை. "சேரும்போதே கர்ப்பமாக இருந்தாய், மறைத்துவிட்டாய்" என்பதும் செல்லாது. 80 நாள் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

தினக்கூலி என்றாலும் உரிமை உண்டு. டெல்லி மாநகராட்சியில் சாலை வேலை செய்த மஸ்டர் ரோல் (தினக்கூலிப் பதிவேடு) பெண்களின் வழக்கில் 2000-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒப்பந்த ஊழியர்களுக்கு 2023 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்த மருத்துவராக இருந்தவர் 2017 ஜூன் 1 முதல் மகப்பேறு விடுப்பு கேட்டார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 11-இல் முடிகிறது, அதனால் 11 நாளுக்கு மட்டும் பலன் தருகிறோம் என்றது நிர்வாகம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தகுதி வந்துவிட்டால் ஒப்பந்த காலம் முடிந்த பிறகும் 26 வாரப் பலனும் தரவேண்டும் என்றது. உங்கள் ஒப்பந்தம் பிரசவத்தை ஒட்டி முடிகிறது என்றால் இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: தேதியைக் குறியுங்கள்

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். உயிரோடு இருக்கும் குழந்தைகள் ஏற்கெனவே இரண்டு என்றால் 12 வாரம். மூன்றாவது பிரசவத்துக்கு விடுப்பே கிடையாது என்பது தவறான நம்பிக்கை. தருமபுரி மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியைக்கு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்ததைக் காரணம் காட்டி விடுப்பை மறுத்தார்கள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்காக அவர் கேட்டது அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். 12 வாரக்காரர்களுக்கு 6 வாரம். வளைகாப்புப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போனால், அந்த 8 வாரம் தொடங்க இன்னும் இரண்டு முதல் ஐந்து வாரம் இருக்கும். அந்த இடைவெளியை மகப்பேறு விடுப்பில் சேர்க்க முடியாது. சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு, மருத்துவர் சான்றோடு நோய் விடுப்பு, வேலைக்கு ஏற்றபடி வீட்டிலிருந்து வேலை என்று ஏதாவது ஒன்றால் அதை நிரப்ப வேண்டும். இதை முன்கூட்டியே யோசிக்காதவர்களின் பே ஸ்லிப்பில் அந்த நாட்கள் சம்பள இழப்பாக வந்து நிற்கும். வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள குடும்பங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரசவத் தேதி 2026 செப்டம்பர் 10 என்று டாக்டர் குறித்திருக்கிறார். 8 வாரம் பின்னால் போனால் ஜூலை 16. அன்றே விடுப்பைத் தொடங்கினால் 182 நாள் 2027 ஜனவரி 13-இல் முடியும். குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். உடம்பு ஒத்துழைத்து, ஒரு வாரம் முன்புவரை வேலை செய்து செப்டம்பர் 3-இல் தொடங்கினால் மார்ச் 3 வரை இருக்கலாம். அப்போது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகப் போகும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். அதற்கு இரண்டாவது தேதி வசதியானது. ஆனால் ரத்த அழுத்தம், இடுப்பு வலி, தினம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வேலை என்றால் முதல் தேதிதான் சரி. பக்கத்து வீட்டுப் பெண் கடைசி நாள் வரை போனாள் என்பதற்காக நீங்களும் போக வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிரசவத் தேதிக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில், நீங்கள் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையும் நீண்ட நேரம் நிற்கும் வேலையும் கொடுக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் அது ஜூன் 30 முதல் ஜூலை 29 வரை. அதற்குப் பிறகும் விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போனால் இதே பாதுகாப்பு தொடரும். இலகுவான வேலை கொடுத்ததற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இது உயிர்நாடி. கடை ஊழியர்கள் எல்லோருக்குமே உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியதும் சேர்ந்து நினைவில் இருக்கட்டும். ஆனால் இது தானாக வராது. "கேட்டுக்கொண்டால்" என்பதுதான் சட்டத்தின் சொல். எழுதிக் கேளுங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் வேறு வகை. நீங்களே விரும்பினாலும் அந்தக் காலத்தில் உங்களை வேலைக்கு வைக்கக் கூடாது. "வீட்டிலிருந்து லேப்டாப்பில் ஒரு சின்ன ரிப்போர்ட் மட்டும்" என்று மேனேஜர் கேட்டால் மறுக்க இது நல்ல காரணம். விடுப்புக் காலத்தில் வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அந்த நாட்களுக்கான பலனை இழக்க நேரிடும் என்பதும் உண்டு.

நான்காம் படி: கடிதம்

நான் சம்பளப் பிரிவில் இருந்தபோது வந்த விண்ணப்பங்களில் பாதி, "எனக்குப் பிரசவ லீவு வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எந்தத் தேதி முதல், எத்தனை வாரம், பிரசவத் தேதி என்ன, எதுவும் இருக்காது. பணிவு நல்லதுதான், ஆனால் இது கேட்டுப் பெறும் சலுகை இல்லை. சட்டப்படி நீங்கள் கொடுப்பது ஓர் அறிவிப்பு. நிறுவனத்திடம் தனிப் படிவம் இருந்தால் அதை நிரப்புங்கள், இல்லையென்றால் இப்படி எழுதினால் போதும்:

"ஐயா / அம்மா, நான் தங்கள் நிறுவனத்தில் இன்ன பிரிவில், இன்ன பணியாளர் எண்ணில் பணிபுரிகிறேன். நான் கருவுற்றிருக்கிறேன். மருத்துவர் குறித்த பிரசவத் தேதி 10.09.2026. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். 16.07.2026 முதல் 26 வாரங்களுக்கு மகப்பேறு விடுப்பில் செல்கிறேன். இக்காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய மாட்டேன். இக்காலத்துக்குரிய மகப்பேறு பலனையும் மருத்துவ போனஸையும் எனக்கு வழங்கக் கோருகிறேன். நான் பெற இயலாத நிலையில் என் நியமனதாரராக இன்னாரைக் குறிப்பிடுகிறேன்."

கீழே தேதி, கையொப்பம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் போடுங்கள். ஆபீஸ் மின்னஞ்சலில் அனுப்பினால் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். விடுப்பில் போனதும் ஆபீஸ் லாகின் வேலை செய்யாமல் போவது சகஜம்.

அவசரத்தில் கடிதமே கொடுக்காமல் பிரசவம் ஆகிவிட்டதா? பதறாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் அறிவிப்புக் கொடுக்கலாம். அறிவிப்புத் தராததால் மட்டும் உரிமை போய்விடாது என்று சட்டமே சொல்கிறது.

ஐந்தாம் படி: எவ்வளவு வர வேண்டும்?

விடுப்புத் தொடங்கும் தேதிக்கு முந்தைய மூன்று காலண்டர் மாதங்களில் நீங்கள் வேலை செய்த நாட்களின் சராசரி தினச் சம்பளம்தான் அடிப்படை. ஜூலை 16-இல் தொடங்கினால் ஏப்ரல், மே, ஜூன். வேலை செய்த நாட்களின் சராசரி என்பதைக் கவனியுங்கள். மசக்கையால் மே மாதம் பத்து நாள் சம்பளமில்லாமல் லீவு போட்டிருந்தாலும் அதனால் உங்கள் தினச் சராசரி குறையக் கூடாது. மூன்று மாதச் சம்பளத்தை 90-ஆல் வகுத்துவிட்டுச் சும்மா இருக்கும் கணக்காளர்கள் உண்டு. கேளுங்கள்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. இதற்கு நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. கோவை மாவட்டத்தின் தோட்டம் ஒன்றில் வேலை செய்த பெண் தொழிலாளிக்கு 1967 டிசம்பரில் குழந்தை பிறந்தது. அப்போது விடுப்பு 12 வாரம்தான். 84 நாளில் 12 ஞாயிறைக் கழித்துவிட்டு 72 நாளுக்கு மட்டும் நிர்வாகம் பணம் கொடுத்தது. அவர் விடவில்லை. கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்துத்தான் பணம் தர வேண்டும் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு நாள் கூலிக்காகப் பத்து ஆண்டுகள்! இன்றைக்கு அதன் மதிப்பு என்ன? கணக்குக்காகத் தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வாரத்துக்கு 182 நாள், 91,000 ரூபாய். ஞாயிறைக் கழித்தால் 78,000 ரூபாய்தான். அந்த 13,000 ரூபாய் அவர் போட்ட வழக்கால் நமக்குக் கிடைப்பது.

இனி, முன்பு சொன்ன மாற்றம். பழைய சட்டத்தில் "கூலி" என்பதில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியோடு வீட்டு வாடகைப் படியும் சேர்ந்திருந்தது. புதிய தொகுப்பில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான் முதன்மை. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்றவை வெளியே போகின்றன. ஆனால் வெளியே போகும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மீண்டும் கூலியில் சேர்ந்துவிடும். உதாரணத்துக்கு, மொத்தம் 40,000, அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் 16,000, இந்தப் படிகள் 24,000 என்றால், பாதியைத் தாண்டிய 4,000 சேர்ந்து கூலி 20,000 ஆகும். சட்டப்படி உங்களுக்கு வர வேண்டிய குறைந்தபட்சம் இந்த 20,000-ஐ வைத்துத்தான்.

அதற்காக 40,000 வாங்குபவருக்கு 20,000 கொடுத்தால் போதும் என்று எல்லா நிறுவனமும் நடந்துகொள்வதில்லை. விடுப்புக் காலம் முழுக்க வழக்கமான மாதச் சம்பளத்தையே தரும் நிறுவனங்கள் பல. உங்கள் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையிலோ பணி நியமன ஆணையிலோ "முழுச் சம்பளத்துடன்" என்று இருக்கிறதா என்று விடுப்புக்கு முன்பே பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். இல்லையென்றால் "எனக்கு மாதம் எவ்வளவு வரும், எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாகவும், மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் மாதச் சம்பளம் போலத்தான் போடுகிறார்கள். தவறாமல் வந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் மருத்துவ போனஸை மறந்துவிடுவார்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இலவச மருத்துவக் கவனிப்பை நிறுவனம் தரவில்லை என்றால் 3,500 ரூபாய் தனியாகத் தர வேண்டும். இன்றைய ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னால் அது சுண்டைக்காய்தான், ஆனாலும் உங்கள் பணம்.

இ.எஸ்.ஐ. வழியாக வருபவர்களுக்கு

இங்கே எண்ண வேண்டியது 80 நாள் அல்ல, 70 நாள். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்கான சந்தா கட்டியிருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. 2026 செப்டம்பரில் பிரசவம் என்றால் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைதான் பார்ப்பார்கள். 2026 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தவர் தொடர்ந்து சந்தா கட்டியிருந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களைக் கம்பெனி "உனக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, அங்கே போ" என்று அனுப்பும். இ.எஸ்.ஐ. அலுவலகம் "தகுதி இல்லை" என்று திருப்பி அனுப்பும். இந்தப் பந்தாட்டத்துக்குச் சட்டத்தில் முடிவு உண்டு: இ.எஸ்.ஐ.யில் தகுதி வரும் வரை, 80 நாள் தகுதி உள்ளவருக்கு முதலாளிதான் தர வேண்டும். இ.எஸ்.ஐ. தகுதி இல்லை என்பதை எழுத்தில் வாங்கி, அதை இணைத்து முதலாளியிடம் கேளுங்கள்.

தகுதி உள்ளவர்கள் செய்ய வேண்டியது எளிது. கர்ப்பம் உறுதியானதும் உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் பதிவு செய்யுங்கள். பரிசோதனைகளைத் தனியார் மருத்துவரிடம் செய்துகொண்டாலும் இந்தப் பதிவை விட்டுவிடாதீர்கள். சான்றுக்குக் கடைசி நேரத்தில் அலையும் பெண்கள் எல்லோரும் இதை விட்டவர்கள்தான். டிஸ்பென்சரி தரும் சான்றோடு கோரிக்கைப் படிவத்தைக் கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலும் செய்யலாம். ஐ.பி. நம்பர் (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்), ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மூன்று மாதம் முன்பே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து என்று மாறியிருந்தால் பணம் அங்கேயே நிற்கும். கால அளவு இங்கும் 26 வாரம்தான், சராசரி தினச் சம்பளம் முழுமையாகக் கிடைக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே இந்தப் பலனை வாங்க முடியாது.

நினைத்தபடி நடக்காவிட்டால்

கருச்சிதைவு ஆனாலோ சட்டப்படி கருக்கலைப்புச் செய்ய நேர்ந்தாலோ, அதற்கு அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பெரும்பாலான பெண்கள் இதைக் கேட்பதே இல்லை. இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். மருத்துவச் சான்று கொடுத்தால் போதும். குழந்தை இறந்தே பிறந்தால் அதையும் சட்டம் பிரசவமாகத்தான் எடுத்துக்கொள்கிறது, முழு மகப்பேறு விடுப்பும் உண்டு. அந்த நேரத்தில் யாரும் ஹெச்.ஆரிடம் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கணவரோ அண்ணனோ இந்த வரியைக் காட்டிப் பேசட்டும்.

குறைப்பிரசவம், பிரசவத்துக்குப் பின் தொற்று, தையல் பிரச்சினை என்று உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தால் இரண்டு வாரம். தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத் தாய் மூலம் குழந்தை பெறும் தாய்க்கும் குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் என்பது 2017 திருத்தத்தில் வந்தது.

வேலையை விட்டுப் போகச் சொன்னால்

நேரடியாக "கர்ப்பம், அதனால் போ" என்று இப்போது யாரும் எழுதித் தருவதில்லை. திடீரென்று வேலைத்திறன் சரியில்லை என்று மின்னஞ்சல் வரும். நூறு கிலோமீட்டர் தள்ளி இடமாற்றம் வரும். அல்லது, "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், குழந்தை பெரியவனானதும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று இனிப்பாகப் பேசுவார்கள். இந்த மூன்றாவதுதான் ஆபத்து. நீங்களே எழுதிக் கொடுத்த ராஜினாமாவைப் பின்னால் எதிர்ப்பது கடினம். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். யோசிக்க இரண்டு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்வதும், அதற்கான நோட்டீஸ் கொடுப்பதும், பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். கர்ப்பக் காலத்தில் நீக்கினாலும் உங்களுக்கு வர வேண்டிய மகப்பேறு பலனும் மருத்துவ போனஸும் போகாது. கடுமையான ஒழுங்கீனம் என்ற விதிவிலக்கு மட்டும் இருக்கிறது. நீக்கினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பச்சைக் குழந்தையோடு இருக்கும்போது 60 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்பதால் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பணம் தராவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு ஒரு நினைவூட்டல் கடிதம், பதினைந்து நாள் அவகாசம். அப்புறம் புகார். கடை, அலுவலகம் என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். முதல் கடிதத்தின் நகல், மருத்துவச் சான்று, கடைசி ஆறு மாத பே ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம் இவற்றை இணைத்தால் புகார் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. பணம் தரச் சொல்லி உத்தரவிட ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேலே போகலாம். மகப்பேறு பலனை மறுக்கும் முதலாளிக்குச் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லை என்று தயங்க வேண்டாம்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

வேலைக்குத் திரும்பும்போது

திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, "இன்ன தேதியில் பணியில் சேர்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை என்றால் விடுப்பு முடிந்த பிறகு சில காலம் அப்படிச் செய்ய அனுமதி கேட்கலாம். ஆனால் அது இருதரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும். கட்டாயமாகக் கேட்டு வாங்கும் உரிமை இல்லை.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, தினம் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. இதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். காகிதத்தில் மட்டும் காப்பகம் வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். கதவில் பெயர்ப் பலகை, உள்ளே பழைய கம்ப்யூட்டர்களும் உடைந்த நாற்காலிகளும். குழந்தையை நிஜமாகவே தூக்கிக்கொண்டு போய் நின்ற முதல் பெண்ணுக்குப் பிறகுதான் அந்த அறையைக் கழுவினார்கள்.

இன்னும் இரண்டு கணக்குகள் விட்டுப்போகும். கிராஜுவிட்டிக்கான (பணிக்கொடை) தொடர் பணியில் 26 வார மகப்பேறு விடுப்பும் வேலை செய்த காலமாகவே சேரும். சட்டப்படி போனஸ் பெறுபவர்களுக்குச் சம்பளத்தோடு எடுத்த மகப்பேறு விடுப்பு நாட்களும் போனஸ் கணக்கில் வேலை நாட்கள்தான். தீபாவளிக்குப் போனஸ் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரருடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு அதில் பாதிதான் வந்திருந்தால், அதற்கும் ஒரு கடிதம், தேதி போட்டு.